இந்த வருஷம் ஐப்பசியில் தக்காளி நாற்று தரமாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன ஐப்பசியில் எங்களிடம் நாற்று வாங்கியவர்கள் பலருக்குக் கொல்லையில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா, பிடுங்கிய செடியையே பையில் போட்டு எடுத்து வந்தார்கள். "பச்சையா நிக்கும்போதே துவண்டுடுச்சு தம்பி" என்றார்கள். வேரைத் தொட்டால் தோல் பழுப்பாக விரலோடு உரிந்து வந்தது. அடைமழை மாதம் என்று தெரிந்தும், கேட்டவர்களுக்கெல்லாம் நாற்று கொடுத்தது எங்கள் தவறு. மன்னியுங்கள்.

நம் ஊர்க் களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லுக்கு அதுதான் வேண்டும். தக்காளிக்கோ இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேருக்குக் காற்றில்லாமல் போய்விடும். அதனால் இந்த முறை கார்த்திகைக் கடைசியில்தான் விதை போடுகிறோம். 25 நாள் நாற்று மார்கழிக் கடைசியில் உங்கள் கைக்கு வரும். மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் காய் பறிக்கலாம். இதற்கும் தள்ளிப்போட வேண்டாம். சித்திரையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடும்.

எந்த ரகம் நல்லது என்று கேட்கிறீர்கள். கடைக்குப் பின்னால் மூன்று மேட்டுப்பாத்தியில் மூன்று ரகம் வைத்துப் பார்த்தோம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 தட்டை உருண்டை. காம்படியில் பச்சை படிந்திருக்கும். ரசத்துக்கு இந்தப் புளிப்புக்கு ஈடில்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. ஆனால் வெள்ளை ஈ வந்ததும் முதலில் இலை சுருண்டது இதில்தான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு. சதை கெட்டி, தொக்குக்கு நல்லது. ரசத்தில் கொஞ்சம் சப்பென்றிருக்கும். செர்ரித் தக்காளி கொடியாக வளர்ந்துகொண்டே போகும், ஆளுயர மூங்கில் கட்டியே ஆகவேண்டும். பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்றுவிடுவார்கள்.

முதல்முறை வைப்பவர்கள் அர்கா ரக்ஷக்கில் தொடங்குங்கள். அதன் பழத்திலிருந்து மட்டும் விதை எடுக்காதீர்கள். ஒட்டு ரகம் மறுமுறை தாய்ச்செடி போல வராது. பி.கே.எம். 1 விதையை நீங்களே எடுக்கலாம். நன்கு பழுத்த பழத்தின் சாற்றை விதையோடு டம்ளரில் இரண்டு நாள் புளிக்க வைத்தால் விதையைச் சுற்றிய வழவழப்பு கழன்றுவிடும். அடியில் தங்கிய விதையைக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் நாற்று கெட்டுப்போனவர்களுக்கு இந்த முறை அதே எண்ணிக்கையில் நாற்று இலவசம். ரசீது தேவையில்லை, வந்து சொன்னால் போதும். நடுமுன் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதைக் கடையினர்