மாணவர் புல்லாங்குழல் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

டெல்டா மாவட்டங்களின் சபா நிர்வாகிகளுக்கும், பள்ளி விழாக் குழுவினருக்கும், நடுவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பிள்ளைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். போட்டிக்கு எந்த உருப்படி, அதாவது எந்தப் பாட்டு, என்பதை ஆசிரியரும் பெற்றோரும் முடிவு செய்வதாகத்தான் வெளியே தெரிகிறது. உண்மையில் அதை முடிவு செய்வது உங்கள் அறிவிப்பில் இருக்கும் இரண்டு மூன்று வரிகள். "ஏதேனும் ஒரு கீர்த்தனை, ராகம், ஸ்வரத்துடன், 5 நிமிடம்" என்று மட்டும் போட்டால், பெரிய ராகத்துக்குத்தான் பரிசு என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தோடி போன்ற கனமான ராகத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறது. அந்த வரிகளை மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடல்.

நடுவர்கள் பெரும்பாலும் வாய்ப்பாட்டிலோ வயலினிலோ தேர்ந்தவர்கள். பாட்டில் எளிதான ராகம் குழலிலும் எளிதாக இருக்க வேண்டியதில்லை என்பதால், குழலின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் குழலில் முதல் இரண்டு துளைகளை மூடினால் ஷட்ஜம் (ஸ). ஒன்றை மட்டும் மூடினால் சதுச்ருதி ரிஷபம் (ரி). எல்லாவற்றையும் திறந்தால் அந்தர காந்தாரம் (க). விரல்களை முழுசாக மூடியும் திறந்தும் வாசித்தால் கிடைப்பது ஹரிகாம்போதி ராகம். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் இப்படி முழுத் துளையிலேயே வந்துவிடும். தோடிக்குச் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம் மூன்றும் அரைத்துளை, அதாவது துளையைப் பாதி மட்டும் மூடி வாசிப்பது. விரல் ஒரு நூல் நகர்ந்தாலும் சுருதி போய்விடும்.

இதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. காந்தாரத்தில் திறந்து கிடக்கும் துளைகள், வழக்கமான விரல் முறையில், மத்தியமத்துக்குப் போகும்போது பெரும்பாலும் மூடவேண்டும். அதே கணத்தில் ஊதும் வேகமும் ஏறவேண்டும். மோகனத்தில் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு (ப) போவதும் இந்த எல்லையைத் தாண்டித்தான். நாலைந்து விரல் ஒருசேர விழ வேண்டும். ஒரு விரல் பிந்தினால் நடுவில் ராகத்தில் இல்லாத ஸ்வரம் ஒன்று கீச்சென்று தெறிக்கும். மோகனத்தில் இது வெறும் தாவல் என்பதால், "க ப க ப" என்று மூன்று காலத்திலும் தினம் சாதகம் செய்தால் சரியாகிவிடும். பைரவியில் அப்படியில்லை. காந்தாரம் மத்தியமத்தைத் தொட்டு அசைய வேண்டும். அசைவே அந்த எல்லையின் மேல் நடக்கிறது. போதாததற்கு ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது இன்னொன்று. திருவிடைமருதூரில் பிறந்த புல்லாங்குழல் மேதை டி.ஆர். மகாலிங்கம் கொண்டுவந்த விரல் முறையால்தான் இப்படிப்பட்ட கமகங்கள் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) குழலில் பாட்டைப்போலவே வர முடிந்தது. அந்த முறை கையில் படிய வருஷக்கணக்கில் ஆகும். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்கு முன் குழலில் பைரவி "சேதுலாரா" கேட்டு வளரும் பிள்ளை அதையே வாசிக்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் பதினாறு வயதுக்கு முன் அதைப் போட்டிக்குக் கொண்டுவரச் சொல்லித் தள்ளக் கூடாது.

ஸ்தாயியையும், அதாவது உருப்படி எவ்வளவு மேலே ஏறுகிறது என்பதையும், பார்க்க வேண்டும். தார காந்தாரம் (மேல் ஸ்தாயிக் காந்தாரம்) வரை இரண்டாவது ஊதலிலேயே கிடைத்துவிடும். தார மத்தியமத்திலிருந்து குழல் இன்னொரு அடுக்குக்குப் போகிறது. உதட்டில் பலம் வராத பிள்ளைக்கு அங்கே சத்தம் வராது, வந்தாலும் சுருதி ஏறி நிற்கும். அதனால் உருப்படி தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் முதலில் பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியைப் பார்க்கட்டும். அதன் உச்ச ஸ்வரத்தைப் பிள்ளை பத்துத் தடவை ஊதி, பத்துத் தடவையும் சுத்தமாக வந்தால் மட்டும் மேற்கொண்டு போகலாம்.

அடுத்தது காலக் கணக்கு. "ஓ ரங்கசாயி" ஆதி தாளம், இரண்டு களை, அதாவது தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் இரண்டிரண்டு எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 16 விநாடி. 5 நிமிடத்தில் அடங்குவது 18 ஆவர்த்தனம். பல்லவி சங்கதிகளை (ஒரே வரியின் மாற்று உருவங்களை) முடித்து அனுபல்லவியில் ஏறும்போதே மணி அடித்துவிடும். அதுவும் ராகம் வாசிக்காமல் நேரே எடுத்தால்தான். விளம்ப காலத்தில் மூச்சும் நீளமாக வேண்டும். மத்திம காலத்தில், ஆவர்த்தனத்துக்கு 7 விநாடி எடுக்கும் ஒரு களை உருப்படியில் 30 ஆவர்த்தனம் மூன்றரை நிமிடத்தில் முடியும். முன்னால் ஒரு நிமிட ராகம், பின்னால் அரை நிமிட ஸ்வரம் வைத்துத் தீர்மானமும் (முடிப்பும்) போட்டுவிடலாம்.

மூச்சு எங்கே எடுக்கிறது என்பதில்தான் பிள்ளையின் பாடம் தெரியும். குழலில் சாகித்தியம் கேட்காது என்று எண்ணி ஸ்வரமாக மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, நெஞ்சு காலியான இடத்தில் மூச்சை எடுக்கும். அது சொல்லின் நடுவாக இருக்கும். "சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா" என்பதில் "சபாபதிக்கு" முடிந்ததும் எடுக்கலாம், "வேறு தெய்வம்" முடிந்தும் எடுக்கலாம். "சமான" என்று வெட்டி எடுத்தால் கேட்கிறவருக்குச் சுருக்கென்று இருக்கும். பாட்டை வாயால் பாடத் தெரிந்த பிள்ளை இதைச் செய்யாது. துத்துகாரமும் (நாக்கால் ஊதலைத் தட்டித் தொடங்குவது) சொல்லின் முதல் எழுத்தில்தான் விழ வேண்டும், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அல்ல. தமிழ்ப் பாட்டு நல்ல தேர்வு என்று நாங்கள் சொல்வது இதனால்தான்: சொல் எங்கே முடிகிறது என்பது பிள்ளைக்கே தெரியும். நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணத்தில் பிறந்த, "சபாபதிக்கு" இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியும், முத்துத்தாண்டவர் முதலான சீர்காழி மூவரும் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். தமிழ் உருப்படிக்குக் கனம் போதாது என்று மதிப்பெண் குறைக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் அதை விட்டுவிடும்படி கேட்கிறோம்.

வயதுக்கு எது பொருந்தும்? பன்னிரண்டு வரைக்கும் மோகன கீதம் "வரவீணா", அல்லது "நின்னுகோரி" வர்ணம் இரண்டு காலத்தில். வர்ணம் வாசித்தால் போட்டிக்குப் போதாது என்ற எண்ணம் தவறு. இரண்டாம் காலத்தில் தாளம் நிற்கிறதா, விரல் சிதறுகிறதா என்பது வர்ணத்தில் ஒளியாது. பதினைந்து வரைக்கும் ஆபோகி "சபாபதிக்கு", ஹம்சத்வனியில் "வாதாபி" அல்லது "ரகுநாயகா". காலையிலிருந்து ஏழெட்டு "வாதாபி" கேட்ட நடுவருக்குச் சலிப்பு வரும், தெரிகிறது. அதற்காக எட்டாவது பிள்ளைக்கு மதிப்பெண் குறையக் கூடாது. அதற்கு மேல் பைரவி, காம்போதி, தோடி எதுவும் வரட்டும்.

இனி நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டியவை. விண்ணப்பத்தில் "எத்தனை கட்டை?" என்று, குழலின் சுருதியைக் கேட்கும் ஒரு கேள்வி அவசியம். பிள்ளைகள் பெரும்பாலும் சின்னக் குழல், 5 கட்டை அதை ஒட்டி வைத்திருப்பார்கள். இரண்டரைக் கட்டை நீளக் குழலில் துளைகளின் இடைவெளி அதிகம், சின்னக் கைக்கு எட்டாது. எல்லாரும் ஒரே சுருதியில் வாசிக்க வேண்டும் என்ற விதி குழலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் சுருதியை மாற்றக் குழலையே மாற்ற வேண்டும். மிருதங்க வித்வானுக்கும் இது முன்கூட்டித் தெரிய வேண்டும். 5 கட்டைக்கு ஒரு மிருதங்கம், இரண்டரைக்கு வேறு. மேடையில் வைத்து அடித்து இறக்கிக்கொண்டிருந்தால் பிள்ளையின் நேரம்தான் போகும்.

குளிர்சாதன மண்டபம் இன்னொரு சங்கடம். காற்று குளிர்ந்தால் குழலின் சுருதி இறங்கும். வெளியே 34 டிகிரி வெயிலில் சுருதி சேர்த்த குழலை 24 டிகிரி மண்டபத்தில் எடுத்து ஊதினால், ஒரு ஸ்வரஸ்தான இடைவெளியில் கால் பங்கு வரை குறைந்து பேசும். ஊத ஊதச் சூடேறி மேலே வரும். சுருதிப் பெட்டியை ஒரே அளவில் பூட்டிவைத்துவிட்டால், பிள்ளை முதல் நிமிடம் முழுக்க அபசுருதியில் வாசித்ததாகத்தான் நடுவருக்குப் படும். அடுத்து வாசிக்க வேண்டியவரைப் பத்து நிமிடம் முன்பே அதே குளிரில் ஒரு பக்க அறையில் உட்கார வைத்து மெல்ல ஊதவிடுங்கள். மேடையில் சுருதிப் பெட்டியின் சின்னத் திருகைப் பிள்ளையே சரிசெய்யட்டும், அதற்குக் கடிகாரத்தை ஓடவிட வேண்டாம். மைக்கை வாய்த்துளைக்கு நேரே வைத்தால் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள்.

மணி விஷயமும் அறிவிப்பிலேயே வரவேண்டும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு மணி, முடிவில் ஒரு மணி. முதல் மணி கேட்டதும் பல்லவிக்குத் திரும்பி முடிக்கும் பிள்ளைக்கு, சரணம் வாசிக்கவில்லை என்று மதிப்பெண் பிடிக்கக் கூடாது. மதிப்பெண் தாளில் சுருதிசுத்தம், தாளம், மூச்சும் சொல்பிரிப்பும், ராக பாவம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கட்டும். உருப்படியின் கனத்துக்கென்று கட்டம் வேண்டாம். இந்தத் தாளையும் வயதுவாரி உருப்படிப் பட்டியலையும் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே வெளியிட்டால், நாங்கள் பாடத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வோம். பட்டியல் தயாரிக்க ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறோம். அதற்குச் சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
டெல்டா மாவட்டப் புல்லாங்குழல் ஆசிரியர்கள் சிலர்