பொட்டலத்த திருப்பிப் பாத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரிதான் கடைசி வரி சரியாச்சு, படபடப்பு இன்னும் அடங்கல, அதனால கோர்வையா வராது, பொறுத்துக்குங்க. பட்டாரியாங்குற காளானோட பழைய மாதிரிங்க லேபிள்ல இருந்த விவரத்தையெல்லாம் ஏத்தி வச்சிருந்த ஃபைல் அழிஞ்சு போச்சு, உங்க உதவியாலதான் திரும்ப எழுதி முடிச்சேன். அது போன கதைய திரும்பச் சொல்லப் போறதில்ல. பேக்கப் எடுக்காதது என் தப்புதான், திட்டுனவங்களுக்கும் சேத்தே நன்றி.

லேபிள் போட்டோவ மறுபடி எடுத்து அனுப்புனவங்க, தூக்கம் முழிச்சு டைப் அடிச்சவங்க, கோழி கிறுக்குன மாதிரி இருந்த கையெழுத்தப் பாத்து அது 1 இல்ல 7ன்னு அடிச்சுச் சொன்னவங்க, மேப்புலயே இல்லாத பழைய ஊர்ப் பேரத் தேடிப் புடிச்சவங்க, எல்லாரும் நல்லா இருக்கணும்.

ஒருத்தரப் பத்தி மட்டும் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பேர் போட வேணாம்னுட்டாங்க. ஹெர்பேரியத்துல, அதாவது காஞ்ச செடி, காளான் மாதிரிங்கள சேத்து வைக்கிற இடத்துல, காளான் மடிச்சு வச்ச காகிதப் பொட்டலங்கள எடுத்துக் குடுத்து திரும்ப அடுக்குற வேலை அவங்களுக்கு. நான் கேட்டது முன்பக்க லேபிள் போட்டோ ஒண்ணே ஒண்ணு. அவங்க பொட்டலத்த திருப்பி மடிப்பையும் பிரிச்சுப் பாத்திருக்காங்க. உள்ள மங்கலா பென்சில்ல ரெண்டு வரி, சேகரிச்சவர் எழுதுனது: முழங்கை ஆழம் தோண்டி எடுத்தேன், அடிப்பைக்குள்ள கோந்து மாதிரி வழவழப்பு. (அடிப்பைன்னா காம்போட அடில மண்ணுக்குள்ள இருக்குற பை.)

பட்டாரியாவப் பாத்தவங்களுக்குத் தெரியும், மணல்ல குச்சி நட்ட மாதிரி நிக்கும், காம்பு கட்டையா காஞ்சு செதில் செதிலா இருக்கும், உச்சில மூடி கழண்டுச்சுன்னா துருக் கலர்ல தூள் பறக்கும். எடுக்கறவங்க காம்பப் புடிச்சு இழுத்துடுவாங்க, அடிப்பை மண்ணுக்குள்ளயே தங்கிடும். ஆனா இது ஃபல்லாய்டஸ் இனமா ஸ்டீவனி இனமான்னு பழைய ஆளுங்க பிரிச்சதே அந்தப் பைக்குள்ள பசை இருந்துச்சா இல்லையான்னு பாத்துதான், கூடவே சைஸும். (ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றவங்களும் உண்டு, அந்தப் பஞ்சாயத்து இப்ப வேணாம்.) காஞ்சப்புறம் பசையத் தேடுனா எங்க கிடைக்கும், எடுத்த அன்னிக்கே யாராவது எழுதி வச்சாத்தான் உண்டு.

1785ல டிக்சன்ங்குற தாவரவியலாளர் லைக்கோபெர்டான்னு வச்ச பேர 1801ல பெர்சூன்ங்குற காளான் ஆய்வாளர் பட்டாரியான்னு மாத்துனாரு, அப்புறம் ஸ்டீவனி வந்துச்சு. பேரு மாற மாற பொட்டலத்துல சீட்டு மேல சீட்டு ஏறும், நானும் அந்தச் சீட்டுங்களத்தான் விழுந்து விழுந்து காப்பி பண்ணிட்டு இருந்தேன். அழிஞ்சு போன ஃபைல்ல இந்தப் பென்சில் வரிக்கு ஒரு கட்டமே கிடையாதுங்க! அது போகாம இருந்திருந்தா இந்த வரி என் கண்ணுல பட்டிருக்கவே படாது, நினைச்சா சிரிப்பும் வருது வயித்தையும் கலக்குது.

இனிமே யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு பக்கமும் கேப்பேன். நானே ஃபீல்டுக்குப் போனா இழுக்க மாட்டேன், தோண்டுவேன், காயப் போடுறதுக்கு முன்னாடி பென்சில்ல எழுதுவேன். பேக்கப் மூணு இடத்துல வச்சாச்சு, யாரும் இனி கேக்காதீங்க.

புது ஃபைல்ல முதல் வரி அந்தப் பொட்டலம்தான். போட்டோவோட அவங்க அனுப்புன மெயில்ல வேற ஒண்ணும் பெருசா எழுதல, "பிரிக்கறப்ப தூள் கொஞ்சம் சிந்திடுச்சு, வழிச்சு உள்ளயே போட்டு மடிச்சுட்டேன், பரவாயில்லையா"ன்னு கேட்டிருந்தாங்க.