கவிக்கு, சனிக்கிழமை மலைக்குப் போறதுக்கு முன்னாடி

கவி,

மெயில் பாத்தேன், போட்டோவும் பாத்தேன், பாப்பா என்னமா வளந்துட்டா! இங்க சிங்கப்பூர்ல எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப அவங்களே தேக்காவுக்குப் போய் பொங்கலுக்குக் கரும்பு வாங்கிட்டு வர்றாங்க, மழைதான் விட்டபாடில்ல. மத்ததெல்லாம் போன்ல பேசலாம். நீ கடைசில எழுதினதுதான் எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, ஸ்கீ ரிசார்ட் போரடிக்குது, சனிக்கிழமை அதுக்கு வெளிய இருக்கற மலைக்கு, பேக்கன்ட்ரி போறோம், அவலாஞ்ச் ரேட்டிங், அதான் பனிச்சரிவு அபாய அளவு, 3தான், 5 இல்லையேன்னு.

அந்த "3தான்" வேணாம்டி. 5ல 3ன்னா ஏதோ நடுவுலன்னு தோணும், ஆனா அதோட அர்த்தம், பனி தானாவே சரியலாம், ஆள் போய் ஏறினா சரியறதுக்கு ரொம்பவே சான்ஸ் இருக்கு. 4, 5 போட்டா எல்லாரும் வீட்ல இருந்துடுவாங்க, 3 போட்ட அன்னிக்கு வெயிலும் அடிச்சு புதுப் பனியும் கெடந்தா யாருக்குத்தான் ஆசை வராது. பனிச்சரிவுல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க அவங்களோ கூட வந்தவங்களோ கெளப்பிவிட்ட சரிவுலதான் மாட்டிருக்காங்க.

உங்க கனடா ராக்கீஸ் மலைப் பனிய நெனச்சாதான் எனக்குக் கூடுதலா பயம். சீசன் ஆரம்பத்துல பனி கொஞ்சமா விழும், தரை 0 டிகிரி கிட்ட இருக்கும், மேல காத்து மைனஸ் 25, அந்த வித்தியாசத்துல அடிப்பனி முழுக்க ஒட்டாத மணியா மாறிடும், அது மேலதான் அப்புறம் வர்ற புயல் பனியெல்லாம் பாளமா உக்காரும். நம்ம காலாங் பக்கம் மெரின் கிளே, அந்தக் கொழகொழ கடல் களிமண்ணு மேல கட்டடம் நிக்கிற மாதிரிதான், மேல எவ்ளோ கெட்டியா இருந்தாலும் அடில இருக்கறதுதான் முடிவு பண்ணும். புதுப்பனியாவது ரெண்டு மூணு நாள்ல செட்டாகும், இந்த அடிப்பனி வாரக்கணக்கா, சில வருஷம் சீசன் முழுக்க அப்படியே கெடக்கும்.

நான் அங்க படிச்சப்போ பனிச்சரிவு கோர்ஸ்ல, எத்தன தட்டுல பனி ஒடையுதுன்னு பாக்கக் குழி தோண்டினோமே, ஞாபகம் இருக்கா? 30 சென்டிமீட்டர் சதுரமா ஒரு தூண் வெட்டி, மேல ஷவல வச்சு, மணிக்கட்டுலேர்ந்து 10 தட்டு, முழங்கைலேர்ந்து 10, தோள்லேர்ந்து 10. முழங்கை தட்டு ஆரம்பிச்சதுமே அடில டக்குனு ஒடஞ்சு முழுக் கட்டியும் வழுக்கி என் மடில வந்து விழுந்துச்சு. அந்த அடிப்பனிய கைல எடுத்து அமுக்கிப் பாத்தேன், உருண்டையே ஆகல, மணிமணியா பளபளன்னு கிளவுஸ் இடுக்குல கொட்டிடுச்சு. அதுக்கு மேலதான் நாம காலைல இருந்து நடந்துக்கிட்டு இருந்தோம்.

சரிவு பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி சாய்வுலதான் கெளம்பும், அதனால 30க்குக் கம்மியான ரூட்டா எடுங்க, ஆனா தலைக்கு மேல என்ன தொங்குதுன்னும் பாக்கணும். ராஜர்ஸ் பாஸ்ல 2003 பிப்ரவரி 1ம் தேதி உங்க ஊரு பக்கத்து ஸ்கூல் பசங்க 7 பேர் பனிச்சரிவுல செத்துப் போனாங்களே, அவங்க கீழ பள்ளத்தாக்குல போய்க்கிட்டு இருந்தவங்க, மேலேர்ந்து தானா வந்த சரிவு. பத்தாங்கிளாஸ் பசங்கடி, நம்ம பாப்பா வயசு. நடக்கறப்போ காலடில "வும்ப்"னு சத்தம் கேட்டாலோ, பனில விரிசல் ஓடினாலோ, யோசிக்காம திரும்பிடுங்க.

பனிக்கடிலேர்ந்தும் சிக்னல் குடுக்கற பீக்கன், குத்தித் தேடற கம்பி ப்ரோப், தோண்டற ஷவல் மூணும் ஆளுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கும்தான். பனில பொதஞ்சவங்கள முதல் 10 நிமிஷத்துக்குள்ள வெளிய எடுத்தா பொழைக்க நல்ல சான்ஸ், அரைமணி ஆச்சுன்னா ரொம்ப கம்மி, ஹெலிகாப்டர் அதுக்குள்ள வராது, நீயும் உன் வீட்டுக்காரரும்தான் தோண்டணும். வீட்டுப் பின்னாடி பீக்கன பொதச்சு வச்சு பாப்பாவ தேட விட்டுப் பாரு.

ரூட் மேப்ப இன்னிக்கே அனுப்பு. உனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணி, எனக்கு சனி காலைல 9, அப்ப கூப்பிடறேன், அவலாஞ்ச் கனடா சைட்ல பனிச்சரிவு போர்காஸ்ட்ட தெறந்து வை, ரெண்டு பேரும் சேந்து படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணு.

மீனா