2004இல் தொடங்கு, மகளே

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ அனுப்பிய அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. 711இல் முஸ்லிம் படைத்தலைவர் தாரிக் ஸ்பெயினுக்குக் கடல் கடந்ததில் தொடங்கி, 1492இல் அங்கே கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்ததைச் சொல்லி, அங்கிருந்து ஒரே தாவலில் 2004 மார்ச் 11க்கு வந்துவிடுகிறாய். மாட்ரிட் ரயில்களில் வெடித்தது ஐந்நூறு வருடக் கோபம் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? குண்டு வைத்தவர்கள் சொன்னதும் அதேதான். மாட்ரிட் அருகே லெகனேஸில் அவர்கள் பதுங்கியிருந்த வீட்டில் கிடைத்த காணொளியில், முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸ்பெயினான அந்தலூஸிலிருந்து துரத்தப்பட்டதையும் இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்க மத விசாரணையையும் இழுத்தார்கள். 2001 அக்டோபரிலேயே அல்காயிதா தலைவர்களில் ஒருவரான ஸவாஹிரி, அந்தலூஸின் துயரம் பாலஸ்தீனத்தில் திரும்ப விடமாட்டோம் என்று பேசியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், 2004 செப்டம்பரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் அஸ்னார் சொன்னதும் இந்தக் கதைதான். அல்காயிதாவோடு ஸ்பெயினுக்கு உள்ள பிரச்சினை ஈராக்கில் தொடங்கவில்லை, எட்டாம் நூற்றாண்டில் தொடங்கியது என்றார். ஈராக்குக்குப் படை அனுப்பியவருக்கு அது எவ்வளவு வசதியான பதில்!

இரண்டு தரப்புக்கும் மறுப்பு உன்னிடமே இருக்கிறது. அதைப் போய் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாயே! காஸ்டில் என்ற கிறிஸ்தவ அரசின் வீரர் எல் சித் நாடுகடத்தப்பட்டதும் சரகோசாவின் முஸ்லிம் மன்னரிடம் சேர்ந்து, அவருக்காகக் கிறிஸ்தவர்களோடும் போரிட்டார். 1248இல் காஸ்டில் படை செவில்லை முற்றுகையிட்டபோது கிரனாடாவின் முஸ்லிம் அரசர் காஸ்டில் பக்கம் நின்றார். இவற்றை மேலே கொண்டு வா. அதற்காக, எல்லோரும் கூடிக் குலாவிய பொற்காலம் என்று எழுதிவிடாதே. அந்தலூஸின் தலைநகராக இருந்த கோர்தோபா என்றாலே நம் ஆட்களுக்கு அந்தச் சாய்வு உண்டு, எனக்கும்தான். 1066இல் கிரனாடாவில் யூதர்களைக் கொன்றதையும், அல்மொஹத் என்ற கடும்போக்கு முஸ்லிம் வம்சத்தின் காலத்தில் யூத அறிஞர் மைமோனிடிஸின் குடும்பம் கோர்தோபாவை விட்டுப் போனதையும் நீ மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கங்களில் கை வைக்க வேண்டாம்.

சரி, என் யோசனை இதுதான்: 2004இல் தொடங்கிப் பின்னால் போ. குண்டுகளுக்கான வெடிமருந்து வடக்கு ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் சுரங்கத்திலிருந்து ஹஷீஷ் என்ற போதைப்பொருளுக்கு மாற்றாக வந்தது. எட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் முஸ்லிம் படையை முதலில் வென்றதாகச் சொல்லப்படும் கோவதோங்கா இருக்கும் அதே அஸ்தூரியாஸ்! கடத்தல் பணம், ஈராக் போர், மாட்ரிடில் குண்டு வைத்தவர்கள் கூடிய இடங்கள் என்று எல்லாம் பக்கத்திலேயே கிடக்கின்றன. இதற்குள் அந்தலூஸ் எப்போது நுழைந்தது, அதை அவர்களுக்கு யார் ஊட்டினார்கள் என்று தேடு. தாத்தா சொல்லி வந்ததா, கேசட்டிலும் இணையத்திலும் கேட்டதா? உன் ஆராய்ச்சிக்குக் கேள்வி அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இன்னொன்று. 1609க்குப் பிறகு ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட, கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்த மொரிஸ்கோக்களுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருக்கிறாய். நிஜமாகவே வீடு வாசல் இழந்தவர்கள் அவர்கள். சிலர் மொராக்கோவின் சாலே துறைமுகத்திலிருந்து கப்பல் கொள்ளையில் இறங்கினார்கள். சிலர் துனிசியாவில் தெஸ்தூர் போன்ற ஊர்களை எழுப்பிக் குடியேறினார்கள். அடுத்த அத்தியாயத்தில் அவர்கள் வருகிறார்களா? அனுப்பும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்பு, அடிக்குறிப்பெல்லாம் என் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

துஆவுடன்,
வாப்பா