மணிக்கு அஞ்சு நிமிஷம் எந்திரிக்க விடுங்க சார்

எங்க கால் சென்டர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் சாருக்கும் ஹெச்.ஆர். மேடத்துக்கும் வணக்கம்.

கிளையன்ட் விசிட் முடிஞ்ச மறுநாள் வந்த மெயில் பத்திதான் எழுதறேன், எந்த மெயில்னு உங்களுக்கே தெரியும். கஸ்டமரோட போன் கால் ஓடும்போது ஏஜென்ட் யாரும் சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாதாம். எங்க டெஸ்க் வரிசையில ஒருத்தங்க இடுப்பு வலி தாங்காம சேர் பின்னாடி நின்னுட்டே பேசினாங்க, கஸ்டமரும் சந்தோஷமாத்தான் வச்சாரு, பேசினதோட தரம் பாத்து போடற க்யூ.ஏ. மார்க்கும் நல்லா வந்துச்சு, ஆனா ஃப்ளோர் பாக்க ஒழுங்கா இல்லன்னு அவங்கள தனியா கூப்பிட்டு சொன்னீங்க.

அவங்க டெஸ்க்குக்கு அடியில எப்பவும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? சாயங்காலம் ஷூ போட்டுத்தான் வருவாங்க, விடிகாலைல டிராப் கேப் வர்றப்ப கால் வீங்கி அந்த ஷூ ஏறாது, கவர்ல போட்டு கையில தூக்கிட்டு செருப்போட போவாங்க. இப்ப அந்த வரிசையில பாதிப் பேர் டெஸ்க்குக்கு அடியில செருப்பு கிடக்கு. "என்னம்மா இது, கோயில் வாசலா"ன்னு ஹவுஸ்கீப்பிங் அண்ணன் கேட்டுட்டுப் போறார். கெண்டைக்கால் சதை அசைஞ்சாதானே சார் கீழ இறங்கின ரத்தம் மேல ஏறும்? ராத்திரி பரோட்டா சாப்பிட்டுட்டு உடனே அவெயில் (அடுத்த காலுக்கு ரெடி) போட்டு உக்காந்தா சர்க்கரையும் அப்படித்தான், சதை வேலை செஞ்சாதான் ரத்தத்துல இருக்கறத இழுத்துக்கும்.

நாங்க கேக்கறது ஒண்ணுதான். மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் எந்திரிச்சு நடக்க விடுங்க, அத அட்ஹியரன்ஸ்ல, அதாவது ஷெட்யூல்படி சீட்ல இருந்தோமான்னு பாக்கற கணக்குல, கழிக்காதீங்க.

பேராசைன்னு நினைக்காதீங்க. 2023ல அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல செஞ்சு பாத்தாங்க, அரை மணிக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் மெதுவா நடந்தப்ப சாப்பாட்டுக்கு அப்புறம் ஏர்ற சர்க்கரை நல்லா குறைஞ்சுது, ரத்த அழுத்தமும் நாலஞ்சு புள்ளி இறங்குச்சு. 11 பேர வச்சு செஞ்ச சின்ன ஆராய்ச்சிதான், ஒத்துக்கறேன். ஆனா இது இன்னைக்கு நேத்து கதை இல்ல, 1953லயே ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர் லண்டன் பஸ்ஸ வச்சு எழுதிட்டார், மாடி பஸ்ல நாள் முழுக்க ஏறி இறங்கற கண்டக்டர விட உக்காந்தே ஓட்டற டிரைவருக்குத்தான் மாரடைப்பு ஜாஸ்தின்னு. அவங்க அரை மணின்னு சொல்றத நாங்க பாதியா குறைச்சு ஒரு மணின்னு கேக்கறோம், கால் எடுக்காம போற நேரத்துக்கு நீங்க போடற ஷ்ரிங்கேஜ் கணக்கும் எங்களுக்குத் தெரியும்ங்கறதால.

ஏற்கனவே ஒரு மணி நேரம் பிரேக் இருக்கேன்னு ஷிஃப்டும் பிரேக்கும் போடற டபிள்யூ.எஃப்.எம். டீம் சொல்லும். அதுல அரை மணி லிஃப்டுக்கும் மைக்ரோவேவ் க்யூவுக்கும் போயிடும், மிச்ச நேரம் சாப்பிட உக்காருவோம். பாத்ரூம் பிரேக் ரெண்டு நிமிஷம் தாண்டினா டீம் லீடர் பிங் பண்றார். ஜிம்முக்குப் போங்கன்னு டிஸ்கவுண்ட் கூப்பன் அனுப்பறீங்க, நன்றி, ஆனா எட்டு மணி நேரம் உக்காந்தத ஈடுகட்ட தினமும் 60ல இருந்து 75 நிமிஷம் வேகமா நடக்கற மாதிரி மிதமான உடற்பயிற்சி செய்யணும்னு 2016ல லான்செட்ல வந்துச்சு, நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வெயில்ல வீட்டுக்குப் போறவன் அத எப்ப செய்வான்னு அந்தக் கூப்பன்ல போடல. யோகா தினத்துக்கு லாபில மேட் விரிச்சு போட்டோ எடுத்தோம், ஞாபகம் இருக்கும். வெல்னஸ் வெபினார்ல "மணிக்கு ஒரு தடவை எந்திரிங்க"ன்னு அந்த டாக்டரம்மா சொன்னத நாங்க எல்லாரும் சீட்ட விட்டு நகராம கேட்டோம்.

ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கறவங்க உக்காரலாம்னு 2021ல தமிழ்நாட்டுல சட்டத்தையே திருத்தினாங்க. எங்களுக்கு சட்டமெல்லாம் வேணாம், டூல்ல இந்த அஞ்சு நிமிஷத்துக்குன்னு ஒரு ஆக்ஸ் கோடு (கால் வராம நிறுத்தி வைக்கற ஆப்ஷன்) சேத்தா போதும்.

கோவமா எழுதிட்டேன்னா மன்னிச்சுக்கோங்க. மணிக்கு அஞ்சு நிமிஷம், அட்ஹியரன்ஸ்ல கழிக்காம. வரிசை வரிசையா பிரிச்சு விட்டாக்கூட சரி, கஸ்டமர் க்யூ பாதிக்காது. போன் கால் கம்மியா வர்ற நேரம் பாத்து ஒரு வரிசையில மட்டும் டெஸ்ட் பண்ணிப் பாத்தாலும் சம்மதம். அந்த மெயில வாபஸ் வாங்கிட்டு, அடுத்த ரோஸ்டர் வர்றதுக்குள்ள ஒரு வரி பதில் போடுங்க ப்ளீஸ்.

இப்படிக்கு,
வாய்ஸ் ப்ராசஸ் நைட் ஷிஃப்ட்ல ஒருத்தன்