புதுப் பையன்கள் வந்தால் போதுமா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நம் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியைப் பற்றி நீ சொன்னது இன்னும் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஹார்ப்பரும் பெய்லியும் இருந்தே ஒண்ணும் ஆகலை, இந்த வருஷம் வர்ற சின்னப் பசங்க என்னப்பா பண்ணிடப் போறாங்க, ரட்கர்ஸ் அவ்வளவுதான்" என்றாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொல்வதில் பாதி சரிதான். பள்ளிக்கூட வீரர்களில் நாட்டிலேயே முதல் ஐந்து இடத்துக்குள் இருந்த இரண்டு பையன்கள் ஒரே வருஷத்தில் ரட்கர்ஸ் இருக்கிற பிஸ்காட்டவேக்கு வந்தார்கள், அந்த மாதிரி இங்கே இதற்கு முன் நடந்ததே இல்லை. டிலன் ஹார்ப்பர் ஆட்டத்துக்குச் சராசரி 19 புள்ளிக்கு மேல், ஏஸ் பெய்லி 17க்கு மேல். என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் ஒருவன் இரண்டாவதாகப் போனான், இன்னொருவன் ஐந்தாவதாக. அணி மட்டும் 15 வெற்றி, 17 தோல்வி. ஆனால் அதற்கு முந்தின வருஷக் கணக்கையும் எடுத்துப் பார். அவர்கள் வருவதற்கு முன்பும் அதே 15, அதே 17!

நான் இதை ரொம்ப யோசித்திருக்கிறேன். கணக்கு ஒன்றுதான், தோற்ற விதம் வேறு. 2023-24இல் நமக்குத் தடுக்கத் தெரிந்தது, கூடையில் போடத் தெரியவில்லை. கிளிஃப் ஒமொருயி கூடைக்குக் கீழே நின்றால் எதிராளி உள்ளே வரவே யோசிப்பான். அவன் அலபாமாவுக்குப் போய்விட்டான், மாவட் மாக் பிஒய்யூ காலேஜுக்குப் போய்விட்டான், சேர்ந்து தடுக்கப் பழகியிருந்த ஆட்களே கலைந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் போடத் தெரிந்தது, தடுக்க ஆள் இல்லை. லாஸ் வேகாஸில் ஹார்ப்பர் தனி ஆளாக 37 புள்ளி எடுத்தும் 95-90 என்று தோற்றோமே, எதிரில் யார், அதே அலபாமா, அவர்கள் பக்கம் ஒமொருயி. எனக்கு அன்றைக்கு வயிறு எரிந்தது. இந்தியானாவில் பெய்லி 39 எடுத்தான், பத்துப் புள்ளியில் தோல்வி. சின்ன காலேஜான கென்னசா ஸ்டேட்டிடம் 79-77 என்று தோற்றது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நடுவில் ஹார்ப்பருக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் கணுக்கால் பிசகியதும் உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினெட்டு வயதுப் பையனால் முதல் நாளே புள்ளி எடுக்க முடியும், அது கையோடு பிறந்தது. தடுப்பது அப்படி இல்லை. நான் ஆட்டம் பார்க்கும்போது இப்போதெல்லாம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூலையில் நிற்கிற முதல் வருடப் பையனைத்தான் பார்க்கிறேன். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும், இவன் கண் பந்து மேலேயே இருக்கும், இவன் காவல் காக்க வேண்டியவன் மெல்ல நகர்ந்து இவன் முதுகுப் பக்கமாகக் கூடைக்கு ஓடிவிடுவான், ஒரே பாஸ், சுலபமாக இரண்டு புள்ளி. அதற்கப்புறம்தான் பையன் திரும்பிப் பார்ப்பான். எதிரணியில் ஒருவன் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் வைத்தால் எப்போது ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும், எப்போது தன் ஆளோடேயே போக வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருவன் கத்திச் சொல்ல வேண்டும், அப்படிக் கத்துகிறவன் மூன்று வருஷமாவது அங்கே ஆடியவனாக இருக்க வேண்டும். கூடவே ரட்கர்ஸ் ஆடுகிற பிக் டென் காலேஜ் லீக்கில் எதிரே நிற்பவன் 22, 23 வயது ஆள், தோளால் ஒரு இடி இடித்தால் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பையன் இரண்டடி தள்ளிப் போகிறான்.

நீ இப்போது இருக்கிற சியாட்டிலிலேயே இது நடந்திருக்கிறது. 2016-17இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மார்கெல் ஃபுல்ட்ஸ் ஆடினான், டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவன், அணி 9 வெற்றி 22 தோல்வி. அதற்கு முந்தின வருஷம் லூசியானாவின் எல்எஸ்யூ காலேஜில் பென் சிம்மன்ஸ், அவனும் டிராஃப்டில் முதல் ஆள், அவர்கள் காலேஜ் அணிகளின் தேசியக் கோப்பைக்கான என்சிஏஏ போட்டிக்கே போகவில்லை.

சரி, புதுப் பையன்களால் தூக்கி நிறுத்தவே முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. 2002இல் என்சிஏஏ போட்டிக்குள் நுழையாத சிராக்யூஸ் அடுத்த வருஷம் கார்மெலோ ஆண்டனியை வைத்துக்கொண்டு கோப்பையே வாங்கியது. அவனோடு ஜெர்ரி மெக்னமாராவும் முதல் வருடப் பையன்தான். ஆனால் கான்சஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பாய்ந்து போய் எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிட்டது இரண்டாம் வருட ஹக்கீம் வாரிக். மிச்சிகன் கதை இன்னும் பெரியது. 14 வெற்றி, 15 தோல்வி என்று கிடந்த அணியில் 1991இல் வெப்பர், ரோஸ், ஹவர்ட், கிங், ஜாக்சன் என்று ஐந்து பேர் வந்து இறங்கினார்கள், சீசன் பாதியிலேயே ஐந்து பேரும் ஒன்றாகக் களத்தில் இறங்கினார்கள், நேராக இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிறகு பண விவகாரத்தில் அந்த இறுதி ஆட்டங்களை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டாலும் பார்த்தவர்கள் மறக்கவில்லை. அந்த இறுதி ஆட்டத்திலும் 71-51 என்று அவர்களை அடித்தது யார்? நான்காம் வருட லேட்னரும் மூன்றாம் வருட ஹர்லியும் இருந்த டியூக்.

நம் ரட்கர்ஸ் கதையையே எடுத்துக்கொள். 2018இல் ரான் ஹார்ப்பர் ஜூனியரும் கேலப் மெக்கானலும் முதல் வருடப் பையன்களாக வந்தபோது யாராவது ஊரைக் கூட்டிக் கொண்டாடினார்களா? அந்த வருஷம் 14 வெற்றி, 17 தோல்வி. அடுத்த வருஷம் 20 வெற்றி, 11 தோல்வி, கொரோனா வந்து போட்டியே நடக்கவில்லை. மூன்றாவது வருஷம், 2021இல், 1991க்கு அப்புறம் முதல் தடவையாக என்சிஏஏ போட்டி, கிளெம்சனை ஜெயித்தோம், ஹூஸ்டனிடம் மூன்றே புள்ளியில் போனது. அந்த டிசம்பரில் முதலிடத்தில் இருந்த பர்டூவை ரான் பாதி மைதானத்திலிருந்து வீசிக் கவிழ்த்தான், மெக்கானல் பிக் டென்னிலேயே சிறந்த தடுப்பாளர் விருது வாங்கினான். அவர்களும் அணியைத் தூக்கிய புதுப் பையன்கள்தான் பாப்பா, மூன்று வருஷம் கழித்துத் தூக்கினார்கள், அவ்வளவுதான். ரானின் தம்பி டிலனுக்கு அந்த மூன்று வருஷம் தேவைப்படவில்லை, அவன் திறமைக்கு அது நியாயமும்தான், ஆனால் அணிக்குத் தேவைப்பட்டது.

இப்போது என் கவலையே இந்த இடத்தில்தான். வீரர்கள் சுலபமாகக் காலேஜ் மாற வழிசெய்கிற ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தபிறகு ஒருவன் முதல் வருஷம் தடுமாறி இரண்டாம் வருஷம் பழகி வரும்போது வேறு காலேஜ் பணத்தோடு நிற்கிறது. 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாக வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருஷத்துக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை, அதில் பெரிய பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும். பையன்கள் சம்பாதிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, அவர்கள் உழைப்பு அது. ரட்கர்ஸ் அந்தப் பணத்தைப் புதிதாக ஒரு நட்சத்திரத்தை இழுக்கச் செலவழிப்பதைவிட, இருக்கிற முதல் வருடப் பையன்களில் நல்ல மூன்று பேரை மூன்றாம் வருஷம் வரை பிடித்துவைக்கச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதனால் இந்த 2025-26 சீசனுக்கு வருகிறவர்களை ஹார்ப்பரோடு ஒப்பிடாதே. அவ்வளவு பெயர் வாங்கியவன் யாருமே இல்லை, எனக்கு அது ஒரு நல்ல விஷயமாகவே படுகிறது, அடுத்த ஜூனில் டிராஃப்டுக்கு ஓட மாட்டார்கள். புள்ளி எடுக்க நெவார்க்கில் இருக்கிற என்ஜேஐடி காலேஜிலிருந்து தாரிக் பிரான்சிஸ் வந்திருக்கிறான், அந்தப் பாரத்தை அவன் கொஞ்சம் சுமந்தால் சின்னவர்கள் தடுக்கக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். நவம்பரில் தோற்பார்கள், தோற்கட்டும். பிப்ரவரியில் அதே பையன் பின்னால் ஓடுகிறவனைத் திரும்பிப் பார்க்கிறானா, அடுத்தவனுக்கு ஸ்கிரீன் வருகிறது என்று கத்துகிறானா, அதைக் கவனித்து எனக்குச் சொல். ஆட்டம் பார்த்துவிட்டு நீ அழுதபடி போன் பண்ணின அந்தப் பழைய நாட்களைவிட, நீ பார்ப்பதையே நிறுத்திவிடுவாய் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பரில் எப்போது வருகிறாய் என்று தேதி சொன்னால் டிக்கெட் எடுத்து வைக்கிறேன், மாணவர்கள் பக்கம் கத்தி உற்சாகப்படுத்துகிற ரயட் ஸ்குவாட் கூட்டத்தோடு நிற்க உனக்கு இனி இடம் கிடையாது, அப்பா பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அம்மா உன் புது வீட்டு முகவரியைக் கேட்கிறாள், பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா