மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 10 உலக மனநல நாளையொட்டித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பேரணி, உறுதிமொழி, கையெழுத்து இயக்கம் எனப் பல படங்கள் வந்திருந்தன. வெயிலில் நடந்த பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் சாலையோரம் நின்று அந்தப் பேரணியைப் பார்த்த ஒரு தாய், "என் மகன் ரொம்ப நாளா ரூமை விட்டே வெளிய வர்றதில்ல, யாருகிட்ட காட்டுறது?" என்று கேட்டிருந்தால், அதற்கு எந்தப் பதாகையிலும் பதில் இல்லை. செய்தியிலும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முசிறிப் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் எங்கே போக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வேண்டும். எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும், கூட யார் இருக்க வேண்டும் என்பது வரை சொல்வார்கள். சிலர் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குப் போவார்கள். ஆனால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டால் பத்து வீட்டில் ஒரு வீட்டுக்குத் தெரிந்திருந்தால் அதிகம். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் தொடங்கியதே எங்கள் திருச்சி மாவட்டத்தில்தான், 1997இல்.

சாமி கும்பிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் குணசீலம் போகிறவள்தான். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப் போனார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அதே ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு பின்னால் வந்தது. அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். கோயிலுக்கும் போ, மாத்திரையும் போடு என்றால் குடும்பம் காது கொடுக்கும். கோயிலுக்குப் போகாதே என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தையைக் கேட்கவே கேட்காது.

என் வேலையில் அதிகம் பார்த்தது பிள்ளை பெற்ற பெண்களை. பிரசவமான பிறகு 42ஆம் நாள் வரை குறிப்பிட்ட நாட்களில் வீட்டுக்குப் போவோம். காய்ச்சல் இருக்கிறதா, உதிரப்போக்கு எப்படி, பால் சுரக்கிறதா, குழந்தை எடை ஏறுகிறதா என்று கேட்போம். தாய்க்கு மனசு எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்டால் மாமியார்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வரவில்லை, தான் செத்தால் தேவலை என்று ஒருத்தி சொன்னால் அது நோய். ஆயிரத்தில் ஓரிருவருக்கு இன்னும் கடுமையாக வரும். தனக்குத்தானே பேசுவாள், குழந்தையையே யாரோ மாற்றிவிட்டார்கள் என்பாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசரம் அது. எங்கள் ஊர்களில் என்ன நடக்கிறது? "காத்து கருப்பு அண்டிடுச்சு" என்று வேப்பிலை அடிக்கிறார்கள். இல்லையென்றால் "பெத்த புள்ளைய பாக்கத் தெரியாதவ" என்று பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை அவளுடைய அம்மா விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் காட்டினார். சில மாதங்களில் தெளிந்துவிட்டாள். ஆனால் புகுந்த வீட்டில் இன்றுவரை அவளைப் "பைத்தியம் புடிச்சிருந்தவ" என்றுதான் சொல்கிறார்கள். நோய் போனது, பேச்சு போகவில்லை. வளைகாப்புக்கு ஏழு வகை சாதம் கட்டுகிற வீட்டில், பிள்ளை பிறந்த பின் அவள் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லி வைத்தால் எவ்வளவோ நல்லது.

வயதானவர்களின் சங்கதி வேறு. மனசு சரியில்லை என்று அவர்கள் வாயால் வராது. உடம்பு எரிகிறது, நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்கவில்லை, விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்து ஒன்றுமில்லை என்றதும் வீட்டில், "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ துபாயிலோ இருக்க, தனியாகப் பொங்கித் தின்னும் கிழவிகள் எங்கள் தெருவிலேயே பலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வீட்டு வாசலுக்கே ஒரு பெண் வருகிறார். அவர் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: இந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, இனி என்ன இருக்கிறது என்று தோன்றியதா? உலகமெங்கும் மருத்துவர்கள் முதல்கட்டமாகக் கேட்கிற கேள்விகள்தாம் இவை. 'ஆமாம்' என்றால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளிக்கூட நாளில் மட்டும் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளையை நடிக்கிறது என்று அடிக்கிறோம். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் இதைப் பேசட்டும்.

ஆண்கள் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள், வந்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். டாஸ்மாக்கில்தான் பேசுவார்கள். அவர்களுக்கு முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் 14416 என்ற எண்ணை ஒட்டி வைக்க வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். பேர் ஊர் தெரியாத ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவது சிலருக்கு எளிது.

இன்னொரு பயத்தையும் சொல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை, "போலீஸ் கேஸாயிடும்" என்று பயந்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் நேரம் கடத்திய குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது வேறு, தண்டனை வேறு. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. இந்தச் செய்தி கிராமத்துக்கு வந்து சேரவில்லை.

மாத்திரை விஷயமும் அப்படித்தான். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் போட்டுவிட்டு, "தூக்கம் தூக்கமா வருது, பழக்கமாயிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். பிரஷர் மாத்திரையை ஆயுசு முழுக்கப் போடு என்று சொல்கிறவரும் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பத்திரிகைக்கு இரண்டு வேண்டுகோள். தேர்வு முடிவு வரும் நாட்களில், ஒரு குழந்தை எப்படி இறந்தது என்ற விவரத்தையும் அதன் படத்தையும் தயவுசெய்து போடாதீர்கள். 2019இலேயே இந்தியப் பத்திரிகைக் குழு இதற்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. அதே மனநிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதைப் படிக்கும்.

இரண்டாவது, எங்கள் மாவட்டத்தில் எந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார் என்ற விவரத்தை மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கி, ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக மாதம் ஒருமுறை வெளியிடுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி நாள் கிராம சபைக்கு முன்னால் முதல் பட்டியல் வந்துவிட்டால், ஊராட்சிச் செயலர் அதைக் கத்தரித்து எடுத்துப்போய்க் கூட்டத்தில் வாசிக்கலாம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
முசிறி வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.